மூன்று கோடையாகக் கேஸ் குடித்த ஹோஸ்

கத்திரி வெயில் தொடங்கிய நான்காம் நாள், பரனூர் டோல்கேட் வரிசையில் நிற்கும்போது என் பிக்கப்பின் ஏசி வெறும் காற்றை ஊத ஆரம்பித்தது. மூன்று வருடமாக இதே கதைதான். கோடை தொடங்கும்போது கேஸ் அடிப்பேன், ஜில்லென்று ஓடும், ஆடி மாதத்தில் மந்தமாகும், மழை வந்ததும் நானும் மறந்துவிடுவேன். அடுத்த கோடையில் வேறொரு கடை, அதே வசனம்: "கேஸ் தீர்ந்துபோச்சு சார், ஃபில் பண்ணிட்டா சரியாயிடும்." இந்த வருடம் அடித்த கேஸ் ஐந்தே வாரம்தான் தாங்கியது. சரி, இனி கடைக்காரரை நம்பிப் பயனில்லை, நாமே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

மதுராந்தகம் பக்கம் எனக்கு ஒரு சின்ன நாற்றுப்பண்ணை. வண்டி ஒன்பது வயதான டபுள் கேப். பின்னால் மா, கொய்யா, தென்னங்கன்று ஏறும். கேபினுக்குள் என்னோடு குழி வெட்ட வரும் மூன்று பேர். மே மாதத்தில் ஏசி இல்லாமல் அந்தக் கேபினில் நான்கு ஆள் உட்கார்ந்து போவது எப்படி இருக்கும் என்று விவரிக்க வேண்டியதில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீரும் பொருள் இல்லை. கம்ப்ரசர், கன்டென்சர், எக்ஸ்பேன்ஷன் வால்வ், கூலிங் காயில் என்று மூடிய வட்டத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருப்பது. ரப்பர் வழியாகவும் ஓ-ரிங் வழியாகவும் வருடத்துக்குக் கொஞ்சம் கசியும், உண்மைதான். ஆனால் அது பல வருடம் கழித்துத் தெரியவேண்டிய குறை. ஒரே வருடத்தில் மொத்தமும் காலி என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

என் மனைவியின் தம்பி வீட்டு ஏசி சர்வீஸ் செய்பவன். காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் பம்ப், நைட்ரஜன் சிலிண்டர், அழுத்தம் காட்டும் கேஜ் செட் எல்லாம் அவனிடம் உண்டு. கேஜை வண்டி ஏசியோடு இணைக்கும் கப்ளர் மட்டும் வேறு. அழுத்தம் குறைந்த லோ பக்கத்துக்கு 13 மில்லிமீட்டர், அழுத்தம் கூடிய ஹை பக்கத்துக்கு 16 மில்லிமீட்டர். மாற்றி மாட்ட நினைத்தாலும் முடியாதபடி அளவையே வேறாக வைத்திருக்கிறார்கள். அந்த ஜோடியை வாங்கி வரச்சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து மாட்டினான்.

இன்ஜின் ஓடவில்லை. வெளியே 34 டிகிரி. உள்ளே சரியான அளவில் கேஸ் இருந்திருந்தால் இரண்டு முள்ளும் 110 பிஎஸ்ஐ பக்கத்தில் நின்றிருக்கும். இரண்டும் 22-இல் நின்றன.

"மாமா, உள்ள திரவமே இல்ல. வெறும் ஆவிதான்" என்றான். கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு இணைக்கும் கிளட்ச் இழுக்காததற்கும் அதுதான் காரணம். அழுத்தம் இவ்வளவு கீழே போனால் பிரஷர் சுவிட்ச் கிளட்சுக்குப் போகும் கரண்டை வெட்டிவிடும். சிலர் அந்த சுவிட்ச்சை ஷார்ட் செய்து கம்ப்ரசரை ஓட்டிப்பார்ப்பார்கள். ஆயில் கேஸோடு சேர்ந்துதான் சுற்றிவருகிறது. கேஸ் இல்லாமல் ஓட்டினால் ஆயிலும் போய்ச்சேராது, கம்ப்ரசர் வறண்டு தேயும். அந்தக் குறுக்குவழி வேண்டாம்.

மீதியிருந்த ஆவியைத் திறந்துவிட மனமில்லை. நெடுஞ்சாலையில், கேஸை வெளியே விடாமல் இழுத்துச் சேமிக்கும் ரெகவரி மெஷின் வைத்திருக்கும் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து இழுத்துக்கொண்டேன். 550 கிராம் இருக்கவேண்டிய இடத்தில் வந்தது 30 கிராம்கூட இல்லை. கடைக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் வண்டி ஏசியில் ஓடும் கேஸின் பெயர் ஆர்-134ஏ. அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால், நூறு ஆண்டுக் கணக்கில் அது சுமார் 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்பார்கள். மூன்று முறை அடித்து மூன்று முறையும் காற்றில் விட்டிருக்கிறேன். கூட்டிப் பார்த்தால் இரண்டு டன்னைத் தாண்டுகிறது. மரக்கன்று விற்றுப் பிழைப்பவன் செய்யும் வேலையா இது?

ஓட்டையைத் தேடும் வேலை அரை மணியில் முடிந்தது. அதற்கு சோப்பு நுரைகூடத் தேவைப்படவில்லை. ஏர் ஃபில்ட்டர் டப்பாவைக் கழற்றியதும், அதன் அடியில் போகும் தடித்த ஹோஸில் உள்ளங்கை நீளத்துக்குக் கருப்பாக, ஈரமாக, மண் அப்பிய ஒரு திட்டு. மற்ற இடமெல்லாம் காய்ந்த புழுதி, அங்கே மட்டும் பிசுபிசுப்பு. கேஸ் கசிந்தால் கூடவே ஆயிலும் கசியும், ஆயில் இருக்கும் இடத்தில் புழுதி ஒட்டும். துணியால் துடைத்தேன். ஹோஸின் மேல்தோல் தேய்ந்து உள்ளே நூல் பின்னல் தெரிந்தது. அதற்கு நேர் கீழே பேட்டரி தட்டைத் தாங்கும் இரும்புத் தகட்டின் விளிம்பு, வெள்ளிக்காசு போலப் பளபளவென்று தேய்ந்திருந்தது.

பக்கத்தில் பாடியில் ஒரு வெற்று போல்ட் ஓட்டை. ஹோஸைத் தகட்டில் படாமல் தூக்கிப்பிடிக்கும் ரப்பர் வைத்த கிளாம்ப் அங்கே இருந்திருக்கவேண்டும். மூன்று வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் ரேடியேட்டர் மாற்றினேன். கழற்றிய கிளாம்ப்பை யாரோ திரும்ப மாட்டவில்லை. நானும் பானெட்டைத் திறந்து ஒருநாளும் பார்க்கவில்லை.

இது கூலிங் காயிலிலிருந்து கம்ப்ரசருக்குத் திரும்பும் சக்‌ஷன் ஹோஸ். கூலிங் காயில் டேஷ்போர்டுக்குள், பாடியோடு சேர்ந்து அசையாமல் இருக்கிறது. கம்ப்ரசர் இன்ஜினோடு சேர்ந்து ஆடுகிறது. டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதும் நிறுத்தும்போதும் பக்கத்தில் நின்று பாருங்கள், இரண்டு விரல் அளவு குலுங்கி அடங்கும். அந்தக் குலுக்கலைத் தாங்கத்தான் நடுவில் ரப்பர். நாளொன்றுக்கு முப்பது தடவை ஸ்டார்ட் செய்து நிறுத்தும் வண்டியில், கிளாம்ப் இல்லாத ஹோஸ் தகட்டின் மேல் ரம்பம் போல அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

மூன்று கடைகளில் ஒருவர்கூட இதைக் கண்டுபிடிக்காதது ஏன் என்று அன்று இரவு யோசித்தேன். காரணம் புரிந்தபோது அவர்கள் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது. கேஸ் அடித்து, ஏசியைப் போட்டு, இன்ஜின் ஓடும்போதே நுரை தடவிப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் சக்‌ஷன் ஹோஸில் இருப்பது 30, 35 பிஎஸ்ஐ மட்டுமே. வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் இரண்டு பக்கமும் சமமாகி அதே ஹோஸில் 110 வந்து நிற்கும். வெயிலில் பானெட் சூடேறினால் இன்னும் கூடும். அதாவது வண்டி ஓடும்போது கசிந்ததைவிட, பண்ணையில் சும்மா நிற்கும்போது கசிந்ததுதான் அதிகம். லோ பக்கத்துக் கசிவை நிறுத்திவைத்துத்தான் தேடவேண்டும்.

அடுத்தது, ஹோஸுக்கு என்ன செய்வது? கம்பெனி ஹோஸ் விலை கேட்டேன், 6,400 ரூபாய், வர பத்து நாள். புதுப்பேட்டையில் பழையது கிடைக்கும். ஆனால் வேறு வண்டியில் ஒன்பது வருடம் வெந்த ரப்பரை வாங்கி மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உள்ளூரில் டிராக்டருக்கும் ஜேசிபிக்கும் ஹைட்ராலிக் ஹோஸ் அடிப்பவர் ஒருவர், "நம்மகிட்ட ரெண்டாயிரம் பிஎஸ்ஐ தாங்குற ஹோஸே இருக்கு, இது எம்மாத்திரம்?" என்றார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் இங்கே தாங்கவேண்டியது அழுத்தத்தை மட்டும் இல்லை. ஓசோனைக் காக்க, பழைய கேஸான ஆர்-12-ஐ விட்டு ஆர்-134ஏ-வுக்கு மாறியபோது, புதிய கேஸின் மூலக்கூறு சிறியது, பழைய ரப்பரின் ஊடாகவே நழுவிப்போகும் என்ற சிக்கல் வந்தது. அதனால்தான் ஏசி ஹோஸின் சுவருக்குள் மெல்லிய நைலான் அடுக்கு ஒன்றை வைத்தார்கள். பேரியர் ஹோஸ் என்று கேட்டு வாங்கவேண்டும். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ் வெடிக்காது, ஆனால் மெதுவாக வியர்க்கும். நான் மறுபடி அடுத்த கோடையில் கடை வாசலில் நிற்பேன்.

ஆக, பழைய முனைகளை வைத்துக்கொண்டு நடுவில் இருக்கும் ரப்பரை மட்டும் புதிதாகப் போடுவது என்று முடிவு.

கழற்றுவது சுலபம். கம்ப்ரசர் பக்கம் 12-ஆம் நம்பர் ஸ்பேனரில் ஒரே போல்ட். கூலிங் காயில் பக்கம் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் 10-ஆம் நம்பர் போல்ட். பின்னது கஷ்டம் கொடுத்தது. அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட், ஒன்பது வருட உப்பு. துரு இளக்கும் ஸ்ப்ரேயை முந்தின இரவே அடித்துவைத்தேன். காலையில் கால் சுற்று கழற்றுவது, கால் சுற்று இறுக்குவது, மறுபடி ஸ்ப்ரே என்று இருபது நிமிடம் போனது. கீச்சென்று ஒரு சத்தம் வந்தபோது உடைந்துவிட்டது என்றே நினைத்தேன், இளகித்தான் வந்தது. அது உடைந்திருந்தால் எக்ஸ்பேன்ஷன் வால்வும் சேர்ந்து போயிருக்கும். நெருப்பு காட்டி இளக்கலாம் என்று மைத்துனன் சொன்னதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கேஸ் தீயில் பட்டால் நுரையீரலை அரிக்கும் அமில ஆவியாக மாறும், உள்ளே எவ்வளவு தங்கியிருக்கிறது என்று யார் கண்டார்கள்?

திறந்த இரண்டு வாயையும் உடனே பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டோம். உள்ளிருக்கும் கம்ப்ரசர் ஆயில், பிஏஜி என்பார்கள், மழைநாளில் திறந்துவைத்த உப்பு போல ஈரத்தை இழுக்கும். பழைய ஹோஸிலிருந்து வடிந்த ஆயிலைக் குழந்தை மருந்து அளக்கும் மூடியில் பிடித்தேன். 12 மில்லி.

இனி நான் செய்த தப்பு. ஹோஸின் இரண்டு முனையிலும் வளைந்த அலுமினியக் குழாய்கள். ஒரு முனை 12 மணியைப் பார்த்தால், மறுமுனை சுமார் 4 மணியைப் பார்க்கவேண்டும். முனையை மெஷினில் அமுக்கி இறுக்குவதைக் கிரிம்ப் என்பார்கள், அது செய்தபின் திருப்ப முடியாது. அதனால் வெட்டுவதற்கு முன்பே ஹோஸின் முதுகில் முனைக்கு முனை ஒரு நேர்கோடு போட்டுக்கொள்ளவேண்டும். நான் கெட்டிக்காரத்தனமாக மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் கோடு போட்டேன். ஆயில் பிசுக்கில் டேப் நழுவியதை கவனிக்கவில்லை.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு பக்கத்தில் ஏசி ஹோஸ் அடித்துக்கொடுக்கும் ஒரு கடை. பெரியவர் ஒருவர், ஹோஸ் முனையை இறுக்கிப் பிடிக்கும் பழைய உலோக வளையமான ஃபெரூலை நீளவாக்கில் ரம்பத்தால் முக்கால் ஆழம் அறுத்து, மீதியை ஸ்க்ரூடிரைவரால் பிளந்து எடுத்தார். ஆழமாக அறுத்துவிட்டால் உள்ளே குழாயின் முள்வரிசையில் கீறல் விழும், அந்தக் கீறலே பிறகு கசிவாகும் என்றார். பேசிக்கொண்டே செய்தார், கை நிற்கவில்லை. 10-ஆம் நம்பர் பேரியர் ஹோஸ், உள்விட்டம் அரை அங்குலம். பழைய ஹோஸின் நீளத்துக்கே வெட்டி, என் டேப் கோட்டைப் பார்த்து முனைகளைத் திருப்பிவைத்து மெஷினில் அமுக்கினார். 1,700 ரூபாய்.

வீட்டுக்கு வந்து மாட்டினால், கம்ப்ரசர் முனை உட்கார்ந்தது. மறுமுனை 2 மணியைப் பார்த்தது.

"கொஞ்சம் முறுக்கி மாட்டிடலாம் மாமா, ரப்பர்தானே."

மாட்டலாம்தான். ஆனால் முறுக்கிய ஹோஸ் அழுத்தம் ஏறும்போதெல்லாம் நிமிரப் பார்க்கும். அந்த இழுவை முழுக்க ஓ-ரிங் மேலும் கிரிம்ப் மேலும் விழும். மறுநாள் மறுபடி சென்னை. இந்த முறை ஹோஸோடு ஒரு தென்னை ஓலைக் குச்சியும் கொண்டுபோனேன். வண்டியில் இரண்டு வாயும் எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று குச்சியை உடைத்துக் கட்டிக் காட்டினேன். பெரியவர் குச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இத நேத்தே கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்றார். ஹோஸுக்கும் ஃபெரூலுக்கும் மட்டும் காசு வாங்கிக்கொண்டார், 900. கூலி வாங்கவில்லை.

பொருத்துவதில் சொல்ல அதிகம் இல்லை. ஆர்-134ஏ-க்கு உரிய பச்சை ஓ-ரிங், ஆயிலில் தோய்த்து. தண்ணீர்க் குழாய்க்குப் போடும் கறுப்பு ஓ-ரிங் வேண்டவே வேண்டாம். கூடவே சிஸ்டத்துக்குள் ஈரத்தை உறிஞ்சும் டிரையரையும் மாற்றினேன். சிஸ்டத்தைத் திறந்தால் அதை மாற்றுவதே முறை. புதிய டிரையரின் மூடியைக் கடைசி நிமிடம்வரை திறக்காதீர்கள், உள்ளிருக்கும் உறிஞ்சும் மணிகள் ஊர்க்காற்றின் ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். வடிந்த 12 மில்லிக்குப் பதில் புதிய பிஏஜி 46 ஆயில், மூன்று வருடமாகக் கசிந்ததற்கு ஈடாக இன்னும் 20 மில்லி. இந்த இருபது மட்டும் கணக்கில் வராத அனுமானம். கடைசியில் கிளாம்ப், 45 ரூபாய். மாட்டியதும் ஹோஸுக்கும் தகட்டுக்கும் நடுவில் மூன்று விரல் இடைவெளி.

நைட்ரஜனை ரெகுலேட்டர் வழியாக 150 பிஎஸ்ஐ ஏற்றினோம். டயருக்கு அடிக்கும் காற்றை ஏற்றினால் ஈரமும் உள்ளே போகும், ஆக்சிஜன் ஏற்றினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். நைட்ரஜன் இல்லையென்றால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுங்கள். இரண்டு கிரிம்ப்பிலும் இரண்டு ஜாயின்ட்டிலும் நுரை தடவினேன், ஒன்றுமில்லை. மைத்துனன் கப்ளரைக் கழற்றியபின் சர்வீஸ் வாயில் ஒரு சொட்டு நுரை விட்டான். பத்து வினாடி கழித்துக் கடுகளவு குமிழ் ஒன்று எழுந்து, மிளகளவாகி, உடைந்தது. அப்புறம் இன்னொன்று. சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வ் பின் உள்ளே தேய்ந்திருக்கிறது. லோ பக்கத்துச் சர்வீஸ் வாய் பழைய முனைக் குழாயிலேயே இருப்பதால் அதுவும் ஒன்பது வயசு. ஏசிக்குரிய புதிய பின் 40 ரூபாய். ஹோஸை மட்டும் மாற்றி கேஸ் அடித்திருந்தால் இந்தக் குமிழ் எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. மறுபடி 150 ஏற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனோம். மீன்குழம்பு. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் முள் அசையவில்லை.

நைட்ரஜனை விட்டுவிட்டு வேக்கம் பம்ப் 45 நிமிடம். உள்ளே காற்றை எடுப்பதைவிட ஈரத்தை எடுப்பதுதான் இதில் பெரிய வேலை. 29 அங்குல (பாதரச அளவு) வேக்கத்தில் தண்ணீர் சுமார் 25 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். மே மாத வெயிலே அடுப்பு. பம்ப்பை நிறுத்தி வால்வை மூடி அரை மணி காத்திருந்தோம், முள் அங்கேயே நின்றது.

கேஸ் அளக்க என் மனைவியின் சமையலறைத் தராசு. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் 550 கிராம் என்கிறது. கடையில் கேன் ஒன்றுக்கு 450. கேனைத் தராசில் நிமிர்த்தி வைத்து, பூஜ்யமாக்கி, கேஜ் செட்டின் மஞ்சள் டியூபிலிருந்த காற்றைத் தள்ளிவிட்டு, லோ பக்கத்தைத் திறந்தேன். முதலில் வேக்கமே இழுத்துக்கொண்டது. பிறகு இன்ஜினை ஸ்டார்ட் செய்து 1,500 ஆர்பிஎம்மில் வைத்து, புளோயர் ஃபுல், கதவெல்லாம் திறந்து. கிளட்ச் டக்கென்று ஒட்டிய சத்தம் கேட்டதும் மைத்துனன் விசில் அடித்தான். இன்ஜின் ஓடும்போது ஹை பக்கத்து வால்வை மட்டும் தொடவே கூடாது. அங்கிருக்கும் இருநூற்றுச் சொச்சம் பிஎஸ்ஐ கேனுக்குள் திரும்பினால் கேன் வெடிக்கும். கேன் பனி பூத்து இழுவை மெதுவானபோது, வெயிலில் இருந்த வாளித் தண்ணீரில் துணி நனைத்துச் சுற்றினோம். சுற்றும்போது தராசு குழம்பும், எடுத்தபின் படிக்கவேண்டும். முதல் கேனில் 440 போனது, இரண்டாவதில் 110.

வெளியே 37 டிகிரி. நடு வென்ட்டில் வைத்த தெர்மாமீட்டர் 8 காட்டியது. லோ பக்கம் 34, ஹை பக்கம் 235. பண்ணையில் வேலை செய்பவர்கள் ஒவ்வொருவராக வந்து கேபினில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் இறங்கவே இல்லை.

பழைய ஹோஸைக் கத்தியால் பிளந்து பார்த்தேன். தகடு அறுத்த இடத்தில் நைலான் அடுக்கில் நகக்கீறல் போல ஒரு விரிசல், அரை அங்குலம்கூட இல்லை. அவ்வளவுதான் ஓட்டை.

ஐந்து வாரம் கழிந்த அன்று வேலையை விட்டுவிட்டு கேஜை மாட்டினேன். வெளியே 35 டிகிரி, இரண்டு முள்ளும் 113. இரண்டாவது கேனில் மீதி 340 கிராம் இருக்கிறது. ஒருமுறை குத்திய கேனிலிருந்து, அதைக் குத்தித் திறக்கும் வால்வைக் கழற்றக்கூடாது என்பதால் அப்படியே மூடி, தேதியும் எடையும் மார்க்கரில் எழுதி, உர மூட்டை அலமாரியில் நிறுத்திவைத்திருக்கிறேன். மைத்துனன் எப்போது வந்தாலும் அதைத் தூக்கித் தராசில் வைத்துப் பார்க்கிறான். போன வாரம் 338 காட்டியது. தராசு தப்பா, வால்வ் கசிகிறதா என்று இன்னும் முடிவாகவில்லை.